வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை: விமானச் செலவு யார் தலையில் விழுகிறது?

வெளிநாட்டுப் பள்ளிகளிலிருந்து வரும் பணி நியமனக் கடிதங்களில் சம்பளம், விடுமுறை, தங்குமிடம் ஆகியவற்றுக்குக் கீழே, பெரும்பாலும் ஒரே வரியில், விமான டிக்கெட் பற்றிய குறிப்பு இடம்பெறும். சில கடிதங்களில் அந்த வரியே இருக்காது. அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ குடியிருந்து, பெங்களூருவின் தனியார் பள்ளியொன்றில் ஆங்கிலம் கற்பிக்கும் ஒரு தமிழ் ஆசிரியருக்கு துபாய், ரியாத், பாங்காக், மாலே போன்ற ஊர்களிலிருந்து இரண்டு மூன்று கடிதங்கள் ஒரே பருவத்தில் வந்தால், சம்பளங்களை ரூபாய்க்கு மாற்றி ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். டிக்கெட் வரிகளை அப்படி ஒப்பிட முடிவதில்லை. ஒன்றில் ‘ஆண்டுக்கு ஒரு முறை’ என்றும், இன்னொன்றில் ‘உச்சவரம்புக்கு உட்பட்டு’ என்றும், மற்றொன்றில் ‘ஒப்பந்தம் முடிந்த பின்’ என்றும் எழுதப்பட்டிருக்கும்.

டிக்கெட்டைப் பள்ளி தரும் சலுகையாகப் பார்க்காமல் சம்பளத்தின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும். அதன் விலையைக் காட்டிலும், பணத்தை முதலில் யார் கட்டுகிறார், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, வேலை பாதியில் நின்றால் என்ன ஆகும் என்னும் மூன்று விவரங்களே ஆசிரியரின் சேமிப்பை அதிகமாகப் பாதிக்கின்றன.

சிலருக்கு மட்டும் ஏன் டிக்கெட் கிடைக்கிறது?

உள்ளூரில் போதுமான ஆங்கில ஆசிரியர்கள் கிடைக்காத நாடுகள் அவர்களை வெளியிலிருந்து வரவழைக்கின்றன. அப்படி வரவழைப்பதற்கான விலையின் ஒரு பகுதிதான் டிக்கெட். ஆங்கிலம் கற்பிக்க வெளிநாட்டு இளைஞர்களை வரவழைப்பதற்காக ஜப்பான் அரசு 1987-இல் தொடங்கிய ஜெட் (JET) திட்டம் இதற்குப் பழைய உதாரணம். அதில் தேர்வாகிறவர்களுக்கு ஜப்பான் செல்லும் விமானச் செலவு ஏற்கப்படுகிறது. பணிக்காலத்தை நிறைவுசெய்து குறித்த காலத்துக்குள் தாய்நாடு திரும்புவோருக்குத் திரும்பும் செலவும் ஏற்கப்படுகிறது. தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான இ-2 விசா, பொதுவாக அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கானது. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் இந்தியர்களுக்குத் துணை ஆங்கில ஆசிரியர் என்ற தனி வழியைத் திறந்தது என்றாலும், அங்குள்ள தனியார் பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களில் காணப்படும் ‘டிக்கெட்டும் வீடும் உண்டு’ என்னும் வாசகம் அந்த ஏழு கடவுச்சீட்டுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டதே.

ஆகவே இணையத்தில் காணும் அனுபவக் குறிப்புகளை இந்திய ஆசிரியர்கள் அப்படியே தமக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது. இந்தியர்கள் பெருமளவில் செல்லும் வளைகுடாப் பள்ளிகள், மாலத்தீவு, தாய்லாந்து ஆகியவற்றில் வழக்கங்கள் வேறு. வளைகுடாவில் டிக்கெட் ஓரளவு மரபாகவே இருக்கிறது. தாய்லாந்தில் பெரும்பாலான பள்ளிகள் டிக்கெட் தருவதில்லை. மாதச் சம்பளம் மட்டுமே.

இங்கே இன்னொரு பிரிவையும் கவனிக்க வேண்டும். ஒரே பள்ளியில் ஒரே பாடத்தைக் கற்பிக்கும் இருவரில் ஒருவர் ‘வெளிநாட்டு நியமனம்’ ஆகவும் மற்றவர் ‘உள்ளூர் நியமனம்’ ஆகவும் இருக்கலாம். இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்டவருக்கு டிக்கெட்டும் வீட்டுப்படியும் கிடைக்கும். கணவரின் விசாவில் ஏற்கெனவே அங்கே வசித்துக்கொண்டு விண்ணப்பித்தவருக்கு அவை பெரும்பாலும் கிடைப்பதில்லை. கணவர் முன்பே வளைகுடாவில் வேலை பார்க்க, மனைவி பெங்களூருவிலிருந்து விண்ணப்பிக்கும் குடும்பங்கள் பல. குடும்ப விசாவில் முதலில் போய்விட்டுப் பிறகு வேலை தேடுவதா, இங்கிருந்தே வேலையை உறுதிசெய்துகொண்டு போவதா என்ற முடிவுக்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணமாக இருக்க வேண்டும்.

டிக்கெட் வரியின் நான்கு வடிவங்கள்

1. நேரடி டிக்கெட். பள்ளியே டிக்கெட் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புகிறது. ஆசிரியர் பணம் எதுவும் முடக்க வேண்டியதில்லை. விமானமும் நேரமும் பள்ளியின் விருப்பப்படி அமையும். நள்ளிரவில் நீண்ட நேரம் காத்திருக்கும் இணைப்பு விமானமாகவும் இருக்கலாம்.

2. செலவு ஈடு. ஆசிரியர் தம் பணத்தில் டிக்கெட் எடுத்து, ரசீதையும் போர்டிங் பாஸையும் ஒப்படைத்தபின் பள்ளி அந்தத் தொகையைத் திருப்பித் தருகிறது. எப்போது தருகிறது என்பதுதான் கேள்வி. முதல் மாதச் சம்பளத்துடன் தரும் பள்ளிகள் உண்டு. தகுதிகாண் பருவம் முடிந்தபின் தருவனவும் உண்டு. பாதியை இப்போதும் மீதியை ஒப்பந்த முடிவிலும் தருவனவும் உண்டு. பெரும்பாலும் உச்சவரம்பு ஒன்று இருக்கும்.

3. ஆண்டுப் பயணப்படி. டிக்கெட்டுக்குப் பதிலாக ஆண்டுக்கு ஒரு முறை ரொக்கம். ஊருக்கு வந்தாலும் வராவிட்டாலும் அது ஆசிரியருடையது.

4. நிறைவு டிக்கெட். ஒப்பந்தக் காலம் முழுவதையும் முடித்தவருக்கு மட்டும் திரும்பும் டிக்கெட்.

இவற்றுள் இரண்டாவது வடிவத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம் குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். டிக்கெட்டுக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் பணம் இல்லாமல் நகையை அடகு வைத்து, ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் அந்தத் தொகையைப் பெற்றால், மாத வட்டி 300 ரூபாய். ஆறு மாதம் கழித்துப் பள்ளி பணத்தைத் திருப்பித் தந்தாலும் மொத்த வட்டி 1,800 ரூபாய்தான். வட்டி இங்கே பெரிய பிரச்சினையே இல்லை. அந்த ஆறு மாதத்துக்குள் பள்ளி வேலையை நிறுத்திவிட்டாலோ, வகுப்புச் சுமையும் தங்குமிடமும் சொன்னபடி இல்லாமல் ஆசிரியரே விலக நேர்ந்தாலோ முழுத் தொகையும் போய்விடும் என்பதுதான் உண்மையான ஆபத்து. வேறுவிதமாகச் சொன்னால், செலவு ஈடு என்ற ஏற்பாட்டில் ஆசிரியர் தம் முதலாளிக்கு முன்கூட்டியே கடன் கொடுக்கிறார். அதைத் திரும்பப் பெறும் வரை, பிடிக்காத வேலையிலிருந்து விலகும் துணிவை இழக்கிறார். ஆகவே, சம்பளத்தில் சிறிது குறைந்தாலும், முதல் பயணத்துக்கான டிக்கெட்டைப் பள்ளியே நேரடியாக எடுத்துத் தரும்படி கேட்பது நல்லது. பள்ளி அதற்கு உடன்படாவிட்டால், எத்தனை நாளில், எந்த நாணயத்தில், எவ்வளவு வரை திருப்பித் தரப்படும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தாகப் பெற வேண்டும். முகவரின் வாட்ஸ்ஆப் செய்தி ஒப்பந்தம் ஆகாது.

டிக்கெட் விலையும் புறப்படும் தேதியும்

விமானக் கட்டணம் என்பது அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கூடுதல் கட்டணம், விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணங்கள், வரி ஆகியவற்றின் கூட்டு. இந்தியாவில் சாதாரண வகுப்பு டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அடிப்படைக் கட்டணம் ஒரே விமானத்தில் பல படிகளாக வைக்கப்பட்டிருக்கும். மலிவான படியின் இருக்கைகள் விற்றுத் தீர்ந்ததும் அடுத்த படி திறக்கும். ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் இருவர் வெவ்வேறு விலை கொடுத்திருப்பதற்கு இதுவே காரணம்.

வளைகுடாவுக்குச் செல்வோரைப் பொறுத்தவரை இந்தப் படிகள் வேகமாக ஏறும் காலமும் புதிய ஆசிரியர்கள் புறப்படும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் அங்கே ஏப்ரலில் ஆண்டைத் தொடங்குகின்றன. பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகள் ஆகஸ்ட் இறுதியில் தொடங்குகின்றன. கோடை விடுமுறைக்கு இந்தியா வந்த குடும்பங்கள் எல்லாம் அதே ஆகஸ்ட் இறுதியில் திரும்புகின்றன. தேவை பெருகும்போது விமானங்களின் எண்ணிக்கையை நினைத்தபடி கூட்டவும் முடியாது. நாடுகளுக்கிடையிலான விமானப் போக்குவரத்து ஒப்பந்தங்கள் வாரத்துக்கு எத்தனை இருக்கைகள் என்று வரையறுக்கின்றன. இந்தியாவுக்கும் துபாய்க்கும் இடையில் ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 65,000 இருக்கைகள் என்ற வரம்பு 2014-இல் வகுக்கப்பட்டது. செலவு ஈட்டுக்கு நிலையான உச்சவரம்பு வைத்திருக்கும் பள்ளியில் ஆகஸ்ட் 25-ஆம் தேதி சேரச் சொன்னால், வரம்புக்கு மேற்பட்ட தொகை முழுவதும் ஆசிரியரின் பணமாகவே இருக்கும். உச்சவரம்பைப் பார்க்கும்போது சேரும் தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விலை குறையட்டும் என்று பயணத்தைத் தள்ளிப்போடுவதற்கு வேறொரு விளைவும் உண்டு. வேலைக்காக இந்தியாவை விட்டுச் செல்லும் ஒருவர், அந்த நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்திருந்தால் பொதுவாக வருமான வரிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியராகக் கருதப்படுவார். ஏப்ரல் 1-லிருந்து எண்ணினால் அந்த எல்லை செப்டம்பர் இறுதியில் வருகிறது. ஆகஸ்டில் புறப்படுகிறவருக்கும் அக்டோபரில் புறப்படுகிறவருக்கும் அந்த ஆண்டின் வெளிநாட்டுச் சம்பளம் இந்தியாவில் வரிக்கு உட்படுமா என்பதில் விடை மாறக்கூடும். டிக்கெட்டில் மிச்சமாகும் சில ஆயிரங்களை விட இது பெரிய தொகையாகிவிடலாம்.

இன்னும் சில நுட்பங்கள்:

1. வேலை விசா கைக்கு வருமுன் டிக்கெட் எடுக்கக் கூடாது. தேதி மாற்றும்போது மாற்றக் கட்டணத்தோடு அன்றைய விலை வேறுபாட்டையும் கட்ட வேண்டிவரும். முற்றிலும் ரத்து செய்ய நேர்ந்தால், பணம் திரும்பாத டிக்கெட்டாக இருந்தாலும் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. பலர் அதைக் கேட்டு வாங்குவதில்லை.

2. நீண்ட தூரப் பாதைகளில், பழைய பாணி விமான நிறுவனங்களின் ஒருவழி டிக்கெட், இருவழி டிக்கெட்டின் விலையை நெருங்கிவிடுவதுண்டு. குறைந்த கட்டண நிறுவனங்கள் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாக விலை வைக்கின்றன. இருவழி டிக்கெட்டின் முதல் பயணத்தைத் தவறவிட்டால் மீதிப் பயணம் தானாகவே ரத்தாகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

3. இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை இணைத்து மலிவாகப் பயணம் செய்ய முயன்றால், முதல் விமானம் தாமதமானாலும் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. இடையிலுள்ள நாட்டில் பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க விசா தேவைப்படலாம்.

4. புத்தகங்களும் கற்பித்தல் பொருட்களும் எடை மிகுந்தவை. கூடுதல் சுமைக்கான கட்டணத்தை முன்கூட்டியே இணையத்தில் கட்டுவதற்கும் விமான நிலையக் கவுண்டரில் கட்டுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நேரடி டிக்கெட் தரும் பள்ளிகள் மிகக் குறைந்த சுமை வரம்புள்ள டிக்கெட்டைத் தேர்ந்தெடுத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு?

ஒப்பந்தங்களில் ‘பணியமர்த்திய இடம்’ என்று ஓர் இடம் குறிக்கப்படும். ஆண்டு விடுமுறை டிக்கெட்டும் இறுதியில் திரும்பும் டிக்கெட்டும் அந்த இடத்துக்குத்தான். பெங்களூருவில் பல்லாண்டுகள் வாழ்ந்தும் கடவுச்சீட்டில் திருப்பத்தூர் அல்லது திருநெல்வேலி முகவரியை வைத்திருக்கும் தமிழர்கள் ஏராளம். முகவரியைப் பார்த்துப் பள்ளி சென்னையைப் பணியமர்த்திய இடமாக எழுதிவிட்டால், தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பக்கூடியவர் ஒவ்வோர் ஆண்டும் சென்னையில் இறங்கி, பெட்டிகளோடு சுமார் 360 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருக்கும். விடுமுறையில் பெற்றோரிடம் தென் தமிழகம் செல்ல விரும்புகிறவருக்கு இதற்கு நேர்மாறான ஏற்பாடு தேவைப்படலாம். கையெழுத்துக்கு முன் கேட்டால் பள்ளிகள் பெரும்பாலும் எளிதாக மாற்றிக்கொடுக்கும் விஷயம் இது.

டிக்கெட்டுக்கு முன்பே கரையும் பணம்

டிக்கெட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அதற்கு முந்தைய செலவுகள் கண்ணில் படாமல் போகின்றன. பட்டச் சான்றிதழுக்கு, அதை வழங்கிய பல்கலைக்கழகம் எந்த மாநிலத்தில் உள்ளதோ அந்த மாநில அரசின் சான்றொப்பத்தைத்தான் பொதுவாக முதலில் பெற வேண்டும். பி.ஏ.வைச் சேலத்திலும் பி.எட்.டை பெங்களூருவிலும் படித்தவருக்கு இரண்டு மாநிலங்களில் வேலை. அதன்பின் இந்திய வெளியுறவு அமைச்சகம், அனுமதி பெற்ற முகமைகள் வழியாக, முத்திரையிடும். ஒரு நாட்டின் முத்திரையை மற்ற உறுப்பு நாடுகள் தூதரகச் சான்று இல்லாமலே ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் உள்ள நாடு என்றால் அத்துடன் முடிந்தது. இந்தியாவுக்கு அந்த உடன்படிக்கை 2005-இலும் சவூதி அரேபியாவுக்கு 2022 டிசம்பரிலும் நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அரபு அமீரகம் அதில் சேராததால், அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அப்போஸ்டிலுக்கு அமைச்சகத்தின் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். செலவைப் பெருக்குவது இடைத்தரகர்களின் சேவைக் கட்டணமும் அலைச்சலும்தான். காவல்துறை நற்சான்றைப் பாஸ்போர்ட் சேவா மையம் வழியாகப் பெறக் கட்டணம் 500 ரூபாய்.

முகவர் கட்டணத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற முகவர் ஒருவரிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400 ரூபாய்தான் வாங்கலாம். முகவர் பதிவுபெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்போ அதற்கு மேலோ தேர்ச்சி பெற்றவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி முத்திரை தேவையில்லை என்பதால் ஆசிரியர்கள் அதை வழங்கும் அலுவலகத்தின் பக்கமே போவதில்லை. அதனாலேயே இந்த உச்சவரம்பை அறியாமல் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கொடுத்துவிடும் நிலை உருவாகிறது. ‘டிக்கெட் உட்பட’ என்று சொல்லி முகவர் பெருந்தொகை கேட்டால், பள்ளி இலவசமாகத் தரும் டிக்கெட்டை அவர் ஆசிரியரிடம் விற்கிறார் என்றே சந்தேகிக்க வேண்டும். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் (எண் 33), பணியமர்த்தும் செலவைத் தொழிலாளியிடமிருந்து நேரடியாகவோ மறைமுகமாகவோ வசூலிக்கக் கூடாது என்றே கூறுகிறது.

சென்று சேர்ந்தபின் முதல் சம்பளம் வரும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் ஆகலாம். வீட்டு முன்பணம், உணவு, உள்ளூர்ப் பயணம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். ரொக்கமாக ஒரு பயணத்துக்குப் பெரும்பாலான நாடுகளுக்கு 3,000 டாலர் வரையிலான வெளிநாட்டு நோட்டுகளையே எடுத்துச் செல்லலாம். அதற்கு மேற்பட்டதை வெளிநாட்டு நாணய அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டு கடிதங்களை ஒப்பிடும் முறை

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். முதல் பள்ளி மாதம் 90,000 ரூபாய்க்குச் சமமான சம்பளமும் எல்லா டிக்கெட்டுகளும் தருகிறது. இரண்டாவது பள்ளி 95,000 தருகிறது, டிக்கெட் இல்லை. இரண்டும் இரண்டு ஆண்டு ஒப்பந்தங்கள். சம்பள வேறுபாடு 24 மாதங்களில் 1,20,000 ரூபாய். போவது, இடையில் ஒரு விடுமுறைக்கு வந்து திரும்புவது, கடைசியில் வருவது என மொத்தம் இரண்டு இருவழிப் பயணங்கள். ஒன்றுக்கு 40,000 என்றால் 80,000 ரூபாய். தனியாகச் செல்கிறவருக்கு இரண்டாவது பள்ளிதான் 40,000 ரூபாய் அதிகம் தருகிறது. ஆனால் முதல் பள்ளி மனைவி அல்லது கணவருக்கும் ஒரு குழந்தைக்கும் சேர்த்து டிக்கெட் தருவதாக இருந்து, மூவரும் முழுக் கட்டணத்தில் பயணம் செய்தால், டிக்கெட்டுகளின் மதிப்பு 2,40,000 ரூபாயாகிறது. அப்போது முதல் பள்ளியே 1,20,000 ரூபாய் மேலானது. குடும்பத்தோடு செல்வோர் எத்தனை பேருக்கு டிக்கெட், குழந்தைக்கு எந்த வயது வரை என்னும் இரண்டையும் கேட்காமல் சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

திரும்பும் டிக்கெட்

போகும்போது டிக்கெட் யார் எடுத்தாலும், வேலை முறிந்து திரும்ப நேரும்போது அதை எடுப்பது யார் என்பதே கடினமான கேள்வி. அமீரகச் சட்டப்படி, தொழிலாளியைப் பணியமர்த்திய இடத்துக்கோ இருவரும் ஒப்புக்கொண்ட வேறோர் இடத்துக்கோ திருப்பியனுப்பும் செலவு முதலாளியுடையது. தொழிலாளி வேறு முதலாளியிடம் சேர்ந்துவிட்டாலோ, வேலை முடிவுக்கு அவரே காரணமாக இருந்தாலோ அந்தப் பொறுப்பு நீங்கும். தகுதிகாண் பருவம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் விலகி நாட்டை விட்டுச் செல்ல விரும்புகிறவர் 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அங்கேயே வேறு பள்ளிக்கு மாறினால் ஒரு மாத முன்னறிவிப்பும், பழைய பள்ளியின் பணியமர்த்தல் செலவைப் புதிய பள்ளி ஈடுசெய்வதும் தேவை. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, பணியமர்த்தும் கட்டணம், இகாமா எனப்படும் வசிப்பிட அனுமதிக் கட்டணம், வேலை உறவு முடிந்தபின் தாய்நாடு திரும்பும் டிக்கெட் ஆகியவற்றை முதலாளியின் பொறுப்பில் வைக்கிறது. தகுந்த காரணமின்றித் தானே திரும்ப விரும்புகிறவர் தம் செலவில் திரும்ப வேண்டும்.

இந்தப் பாதுகாப்புகள் எல்லாம் முறையான வேலை விசாவில் சென்றவர்களுக்கே முழுமையாகப் பயன்படும். ‘முதலில் சுற்றுலா விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லும் பள்ளியோ முகவரோ, திரும்பும் டிக்கெட்டின் சுமையையும் அபராதத்தின் சுமையையும் ஆசிரியர் மேல் ஏற்றுகிறார். தாய்லாந்தில் இப்படிச் சென்றவர்கள், விசா வகையை மாற்றுவதற்காக அண்டை நாட்டுக்குச் சொந்தச் செலவில் போய்வர நேர்வதும் உண்டு.

பள்ளி டிக்கெட் தர மறுத்து, கையில் பணமும் இல்லாமல் சிக்கிக்கொண்டவர்கள் அந்நாட்டு இந்தியத் தூதரகத்தை அணுகலாம். 2009-இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து, வசதியற்ற நிலையை ஆராய்ந்து, நாடு திரும்பும் விமானச் செலவும் தற்காலிகத் தங்குமிடமும் வழங்கத் தூதரகங்களுக்கு அதிகாரம் உண்டு. வெளிநாட்டில் உள்ள இந்தியர்களின் புகார்களுக்காக வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய ‘மதத்’ (MADAD) இணையதளத்தில், அங்கிருப்பவர் மட்டுமன்றி பெங்களூருவில் உள்ள குடும்பத்தினரும் புகாரைப் பதிவுசெய்யலாம். அதற்குக் கடவுச்சீட்டு, விசா, கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்கள் தேவைப்படும் என்பதால், புறப்படுமுன் ஒரு தொகுப்பை வீட்டில் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும்.